பழைய அறுவடை இயந்திரம் வாங்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது கால்வாய்ப் பாசனத்தில் நெல் வைப்பவர்களானாலும், பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, பாம்பாறு போன்ற சிறிய அணைகளை நம்பியிருப்பவர்களானாலும், கிணற்றுத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் நெல்லும் மானாவாரியில் ராகியும் போடுபவர்களானாலும், அறுப்பு நேரத்தில் படும் பாடு ஒன்றுதான். ஆள் கிடைப்பதில்லை, வாடகை வண்டி சொன்ன நாளில் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு போகத்திலும் "ஒரு பழைய வண்டியைப் பிடித்துவிடலாமா" என்ற பேச்சு எழுகிறது. ஒரு வண்டியை வாங்கி நட்டப்பட்டு, இன்னொன்றை வாங்கி ஓரளவு தேறியவன் என்பதால் அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து கேட்பதுண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்குச் சொந்த வண்டி தேவையா, வாடகையே போதுமா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, பழைய பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஒன்றை 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ஐந்து ஆண்டுகள் ஓட்டி, 5 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் தேய்மானம். முதலீட்டின் சராசரி 8.5 லட்சம் என்று கொண்டால், 12 சதவீத வட்டி 1,02,000 ரூபாய். காப்பீடு, கொட்டகை ஆகியவற்றுக்கு 18,000 ரூபாய் சேர்த்தால், வண்டி நின்ற இடத்திலேயே நின்றாலும் ஆண்டுக்கு 2,60,000 ரூபாய் போகிறது. மணிக்கு 2,400 ரூபாய் வாடகை கிடைக்கிறது என்றும், அதில் டீசலுக்கு 750, ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் 350, தேயும் பாகங்களுக்கு 500 கழிகிறது என்றும் கொண்டால் கையில் நிற்பது 800 ரூபாய். ஆக, முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே ஆண்டுக்கு 325 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். நான் இங்கே போட்ட தொகைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் போட்டுப் பாருங்கள். கணக்கின் வழி மாறாது.

இப்போது நம் நிலத்தைப் பார்ப்போம். பத்து ஏக்கர் நெல், இரண்டு போகம், ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் 20 மணி. மீதமுள்ள 305 மணிக்கு வெளியில் வேலை தேட வேண்டும். அணைப் பாசனத்தில் ஒரு போகத்து அறுப்பு மூன்று, நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மழை, பழுது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால் அந்த நாட்களில் 120 மணி ஓடினாலே பெரிது. இரண்டு போகத்துக்கும் சேர்த்து 240 மணிதான். எஞ்சியதற்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கோ, கள்ளக்குறிச்சிக்கோ, சம்பா அறுப்புக்குத் தஞ்சாவூர்ப் பக்கமோ போக மனமும் ஆளும் உள்ளவர்கள் வாங்கலாம். அது முடியாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாங்கலாம்; இல்லையென்றால் வாடகைக்கே எடுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் உழவன் செயலி வழியாக இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. அதையும் ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

டயர் வண்டி நல்லதா, பெல்ட் வண்டி நல்லதா?

பஞ்சாபில் நாபா, பாட்சன் போன்ற ஊர்களில் தயாராகும் பெரிய டயர் வண்டிகளுக்கு வெட்டும் அகலம் பெரும்பாலும் 14 அடி. கிடைமட்டமான, காய்ந்த, பெரிய வயலில் அவற்றின் வேகத்துக்கு ஈடு கிடையாது. மக்காச்சோளத்துக்கு அதற்குரிய முன்பகுதியை மாட்டிக்கொள்ளவும் பல வண்டிகளில் வசதி உண்டு. ஆனால் நம் பக்கத்து வயல்கள் முப்பது சென்ட், ஐம்பது சென்ட் என்று படிப்படியாக இறங்குபவை, வரப்பு உயரம், வண்டிப் பாதை இரண்டு மாட்டு வண்டி ஒன்றையொன்று தாண்ட முடியாத அகலம். அங்கே 14 அடி வெட்டுப்பகுதியைக் கழற்றி, டிராலியில் இழுத்துப் போய், வயலில் மறுபடி மாட்டுவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். ஈரம் இருந்தால் டயர் புதையும்.

பெல்ட் வண்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் வெட்டும், எடை குறைவு, ஈர வயலில் நிற்கும், மூலையில் நின்ற இடத்திலேயே திரும்பும். குபோட்டா டி.சி.68 ஜி போன்ற 68 குதிரைத்திறன் வண்டிகளும், கிளாஸ் கிராப் டைகர், யான்மார் ஆகியவற்றின் பெல்ட் வண்டிகளும் தமிழ்நாட்டு நெல் வயல்களில் பரவலாக ஓடுவதற்கு இவையே காரணம். குறை என்னவென்றால், தார்ச் சாலையில் ஓட்டினால் ரப்பர் பெல்ட் வேகமாகத் தேயும். ஒவ்வொரு ஊருக்கும் லாரி வேண்டும். நம் மண்ணில் கல் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. நெல் வயலுக்கு முதன்மை கொடுப்பவர்கள் பெல்ட் வண்டியையே பார்க்கலாம் என்பது என் கருத்து. மக்காச்சோளம் அதிகமுள்ளவர்கள் டயர் வண்டியைப் பார்க்கலாம்.

மணிமீட்டரில் எவ்வளவு வரை இருந்தால் வாங்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கோ இதற்கு நேர்ப் பதில் சொல்லத் தயக்கம். 1,500 மணி ஓடிய வண்டி ஒன்று 3,000 மணி ஓடிய வண்டியைவிட மோசமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மீட்டரை மாற்றலாம், வயரைக் கழற்றி வைக்கலாம். மாற்றவே இல்லை என்றாலும், எத்தனை மணி ஓடியது என்பதைவிட எந்த மண்ணில் ஓடியது என்பதுதான் வண்டியின் உண்மையான வயதைச் சொல்லும்.

டெல்டாவின் சேற்று வயலில் ஓடிய வண்டிக்குக் கீழ்ப்பகுதி போயிருக்கும். பெல்ட்டைத் தாங்கும் ரோலர்களின் சீல் வழியாகச் சேறு புகுந்து பேரிங்கைத் தின்றிருக்கும், ஆனால் பெல்ட்டின் பற்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கல் நிலத்தில் ஓடிய வண்டியில் நிலைமை தலைகீழ்: ரோலர் நன்றாக இருக்கும், பெல்ட்டில் வெட்டுக் காயங்கள் இருக்கும், வெட்டும் பிளேடும் அதைத் தாங்கும் இரும்பு விரல்களும் வளைந்திருக்கும், கல் புகுந்து, கதிரடிக்கும் டிரம்மின் பற்கள் நசுங்கியிருக்கும். ஊர் ஊராக லாரியில் ஏறி இறங்கிய வண்டியில் சேஸிஸின் ஓரங்களில் வெல்டிங் தழும்புகளைக் காணலாம். எனவே விற்பவரிடம் "எத்தனை மணி" என்று கேட்பதற்கு முன் "போன மூன்று சீசன் எங்கே ஓடியது" என்று கேளுங்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. வாடகைக்கு ஓடும் வண்டி மணிக் கணக்கில் பணம் வாங்குவதால், ஓட்டுநரிடமோ உரிமையாளரிடமோ ஊர், தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி எழுதிய நோட்டு ஒன்று பெரும்பாலும் இருக்கும். கசங்கி, எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை ஒருமுறை புரட்டினால் வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். நோட்டே இல்லை என்று சொன்னால், மிதியின் ரப்பர், இருக்கை, கைப்பிடி ஆகியவற்றின் தேய்மானத்தை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 900 மணி என்று காட்டும் வண்டியில் கைப்பிடியின் எழுத்தெல்லாம் அழிந்து வழவழப்பாக இருக்குமானால் நம்ப வேண்டியது கைப்பிடியைத்தான்.

நான் வாங்கிய முதல் வண்டி புதுப் பெயின்ட்டுடன் பளபளப்பாக இருந்தது. மீட்டரும் குறைவாகக் காட்டியது. மூன்று ஆண்டுகள் கடலோரச் சேற்றில் ஓடியது என்பது எனக்கு நாற்பது மணி நேரம் ஓட்டிய பிறகு, இடப்பக்க ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்த போதுதான் தெரிந்தது. அதனால், கழுவிப் பெயின்ட் அடித்த வண்டியைக் காட்டிலும், போன வயலின் சேறும் தூசியும் ஒட்டியிருக்கும் வண்டியைப் பார்ப்பதே நல்லது; எண்ணெய்க் கசிவு எங்கே இருக்கிறது என்று அந்தத் தூசியே காட்டிக்கொடுக்கும்.

என்ஜினை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் போகும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ, ஆயில் குச்சியில் பால் போன்ற வெளுப்போ தெரிந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

குளிர்ந்த நிலையில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரிலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சுமை ஏறும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போ ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் ஆயில் மூடியைத் தளர்த்தினால் மெல்லிய ஆவி வரலாம். புஸ் புஸ்ஸென்று அழுத்தத்தோடு புகை வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. என்ஜினை நிறுத்திய பின், காற்று வடிகட்டியைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். அங்கே தூசி இருந்தால், அறுவடைத் தூசி முழுவதும் என்ஜினுக்குள் போயிருக்கிறது. என்ஜினைப் பொறுத்தவரை நான் மிகவும் நம்பும் சோதனை இதுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெல்ட்டிலும் கீழ்ப்பகுதியிலும் எதைப் பார்க்க வேண்டும்?

பெல்ட்டின் பல் உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பொருள். ரப்பர் கிழிந்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரிந்தால், அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். அந்தப் பெல்ட்டுக்கு விலையே போடாதீர்கள். இரண்டு பெல்ட்டும் மாற்றும் செலவைக் கடையில் விசாரித்து அப்படியே விலையில் கழிக்கச் சொல்லலாம்.

பிறகு வண்டியைச் சமதரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டையும் கொடுத்து, ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்ற சத்தம், பக்கவாட்டில் ஆட்டம், சுற்றிலும் எண்ணெய் கலந்த சேறு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்த ரோலர் முடிந்தது. பெல்ட்டை இழுக்கும் பல் சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், புதுப் பெல்ட் போட்டாலும் அதையும் அது கெடுத்துவிடும்.

டிரம், சல்லடை, எலிவேட்டர் பற்றிச் சொல்லுங்கள்.

நெல்லின் உமியில் சிலிக்கா அதிகம். அது உப்புத்தாள் போல இரும்பை மெல்ல மெல்ல அராவிக்கொண்டே இருக்கும். ஆகவே மூடிகள் அனைத்தையும் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். டிரம்மின் பற்களில் பயிரை அடிக்கும் முன்புற விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா, கீழே இருக்கும் வளைவுச் சல்லடையின் கம்பிகள் மெலிந்திருக்கின்றனவா, டிரம்மைச் சுற்றியுள்ள தகட்டில் ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பற்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றியிருந்தால் டிரம் சமநிலை தவறி, ஓடும்போது வண்டி முழுவதும் அதிரும்.

தானியத்தை மேலே தொட்டிக்கு ஏற்றும் எலிவேட்டரின் அடிமூடியைத் திறந்தால் சங்கிலியின் நிலையும், தானியத்தைத் தள்ளும் திருகின் விளிம்பும் தெரியும். திருகின் விளிம்பு கத்தி போல் கூர்மையாகியிருந்தால் தகடு தேய்ந்து முடியும் நிலையில் இருக்கிறது. அடுத்து, வண்டியைப் பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் வெறுமனே ஓடவிட்டு, என்ஜினை நிறுத்தி, எல்லாப் பாகமும் அசைவற்ற பிறகு ஒவ்வொரு பேரிங் மூடியின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட எது அதிகமாகக் கொதிக்கிறதோ, அதுதான் நடு அறுப்பில் நின்றுபோகப் போகும் இடம்.

ஹைட்ராலிக், எச்.எஸ்.டி. ஆகியவற்றில் குறை இருந்தால் எப்படித் தெரியும்?

வெட்டும் பகுதியை முழு உயரத்துக்குத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். யாரும் அதன் அடியில் நிற்கக் கூடாது. பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு இருக்கிறது. அது பெரும்பாலும் சிறிய செலவுதான்.

எச்.எஸ்.டி. என்று ஓட்டுநர்கள் சொல்லும் எண்ணெய் அழுத்த ஓட்டுமுறைக்கோ பெரிய செலவாகும். இது குளிர்ந்திருக்கும்போது நன்றாக இழுத்து, ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு வலுவிழக்கும். கால் மணி நேரம் காட்டிவிட்டு நிறுத்தும் விற்பனையாளரிடம் இது வெளிப்படவே வெளிப்படாது. வண்டி நன்றாகச் சூடான பின் ஒரு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நிலத்துக்கு வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். லாரியில் ஏற்றும் பலகை மேல் தயக்கமின்றி, நேராக, நடுவில் நிற்காமல் ஏறினால் போதுமானது.

நின்ற பயிரில் ஓட்டிப் பார்ப்பது அவ்வளவு அவசியமா?

அவசியம். வெறும் தரையில் ஓடும் வண்டி எல்லாமே நல்ல வண்டிதான். குறைந்தது அரை ஏக்கர் பயிரை அறுக்கச் சொல்லி, தொட்டியில் விழும் நெல்லையும் பின்னால் விழும் வைக்கோலையும் பாருங்கள். தொட்டி நெல்லில் உமி உரிந்த அரிசியும் உடைந்த மணியும் அதிகமாக இருந்தால் டிரம் வேகம் மிகுதி, அல்லது இடைவெளி குறைவு. அதைச் சரிசெய்யச் சொல்லி மறுபடி பாருங்கள். சரிசெய்த பிறகும் மாறவில்லை என்றால் அது தேய்மானம்.

இழப்பை அளக்க இப்படிச் செய்யலாம். அறுத்த இடத்தில், வண்டி வெட்டிய முழு அகலத்துக்கும் ஒரு மீட்டர் நீளத்துக்கும் கயிறு கட்டுங்கள். உள்ளே இருக்கும் வைக்கோலை உதறி எடுத்துவிட்டு, தரையில் கிடக்கும் மணிகளை எண்ணி, வெட்டிய அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை என்று கிடைக்கும். வைக்கோல் குவியல் விழுந்த இடத்தில் மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். அறுக்காத பயிரின் அடியில் முன்பே உதிர்ந்த மணிகளையும் எண்ணிக் கழித்துவிட வேண்டும். ஆயிரம் நெல்மணி ஏறத்தாழ 22 கிராம் இருக்கும் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 100 மணி என்பது ஏக்கருக்கு 9 கிலோ. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 500 மணி என்றால் ஏக்கருக்கு 45 கிலோ. அரை மூட்டைக்கு மேல் நெல் ஒவ்வொரு ஏக்கரிலும் பறவைக்குப் போகிறது.

அந்த இழப்பு முன்பகுதியிலா, பின்பகுதியிலா என்று அறிய, ஓடும் வண்டியை நிறுத்தி, ஒரு வண்டி நீளம் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். பயிருக்கும் வைக்கோல் விழத் தொடங்கிய இடத்துக்கும் நடுவே கிடக்கும் மணிகள் வெட்டும் பகுதியால் உதிர்ந்தவை. பிளேடும் விரல்களும் மாற்றினால் அது சரியாகிவிடும். வைக்கோலோடு வரும் மணிகள் டிரம், சல்லடை, காற்றாடி ஆகியவற்றால் வருபவை. அங்கே செலவு கூடும். பனி காயாத காலையில் இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல வண்டியும் கெட்ட பெயர் வாங்கும். பத்து மணிக்கு மேல் செய்யுங்கள்.

நெல் வண்டியில் ராகி அறுக்கலாமா?

அறுக்கலாம், ஆனால் "அறுக்கும்" என்று விற்பவர் சொல்வதை வைத்து வாங்கக் கூடாது. ஆயிரம் ராகி மணியின் எடை 3 கிராம் அளவுதான்; நெல்லுக்கு வைக்கும் காற்றை வைத்தால் ராகி முழுவதும் வைக்கோலோடு பறந்துவிடும். சிறிய துளைச் சல்லடை வேண்டும், காற்றாடியின் வேகத்தைக் குறைக்கும் வசதி வேண்டும், டிரம் இடைவெளியை இறுக்க வேண்டும். நம் ராகிக் கதிர்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை என்பதால், ஈரக் கதிர் பாதி அடிபட்டு உமியோடு தொட்டிக்கு வரும். மானாவாரி ராகி குட்டையாக நிற்கும்போது வெட்டும் பகுதியைத் தரையோடு ஒட்டி இறக்க வேண்டியிருக்கும். நம் கல் நிறைந்த செம்மண்ணிலும் பாறைச் சரிவிலும் அப்படி இறக்கினால் கல் உள்ளே போகும். ராகிச் சல்லடை விலையோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்டு, அதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த வசதிக்குப் பணம் கொடுங்கள்.

சாமையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: அதை ஆள் வைத்து அறுத்துக் கதிரடிக்கும் இயந்திரத்தில் போடுங்கள்.

வைக்கோல் மாட்டுக்கு ஆகுமா?

மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியை விலைக்கு முன்பே கேட்க வேண்டும். நீளவாக்கில் சுழலும் டிரம் உள்ள வண்டிகளில் வைக்கோல் அதிக நேரம் அடிபடுவதால் நொறுங்கி வரும். ஈரப் பயிரில் இன்னும் மோசம். கட்டும் இயந்திரத்தில் கட்டாமல் வயலில் விட்டால் பாதி மண்ணோடு போய்விடும். வண்டியில் வைக்கோலைத் துண்டாக்கும் கத்தி பொருத்தியிருந்தால், அதைக் கழற்றவோ நிறுத்தவோ முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு விவரங்களைச் சரிபார்க்கலாம். கடன் இருந்திருந்தால், வங்கியின் அல்லது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், கடன் நீக்கத்துக்கான படிவம் 35-உம் கையில் வந்த பிறகே முழுப் பணமும் போக வேண்டும். "எச்.பி. (பதிவுச் சான்றில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் அடுத்த வாரம் செய்து தருகிறேன்" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகிய இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எல்லையோரத்தில் இருப்பதால் நமக்குக் கர்நாடக, ஆந்திரப் பதிவு வண்டிகள் அடிக்கடி வரும். அவற்றுக்கு அந்த மாநில அலுவலகத்தின் தடையில்லாச் சான்றான படிவம் 28 இல்லாமல் டி.என். 24, 29, 70 என்று நம் எண்ணுக்கு மாற்ற முடியாது. பதிவுச் சான்றே இல்லை என்று விற்பவர் சொன்னால், முதல் விற்பனை ரசீது, எண் ஒத்துப்போகும் விற்பனை ஒப்பந்தம், அவர் பெயருக்கு வண்டி வந்த வழி ஆகிய மூன்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

மானியத்தில் வாங்கிய வண்டியை விலைக்கு வாங்கலாமா?

மானியத்தில் எடுத்த இயந்திரத்தைக் குறிப்பிட்ட காலம்வரை கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஒப்புதல் ஆணையைக் கேட்டு வாங்கிப் படித்து, அந்தக் காலம் முடிந்திருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டியில் மானியத் தகட்டைப் பிடுங்கிய ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தால் விற்பவரிடமே அதைப் பற்றிக் கேட்கலாம்.

எந்த மாதத்தில் வாங்கினால் விலை குறையும்?

சம்பா அறுப்பு முடிந்து வண்டிகள் ஊர் திரும்பும் மார்ச் முதல் விலை இறங்கும். அறுப்புக்கு முந்தைய டிசம்பரில் ஏறும். ஆனால் விலை இறங்கும் காலத்தில் பெரும்பாலான ஊர்களில் சோதித்துப் பார்க்கப் பயிர் நிற்காது. இந்த இடத்தில் அணைப் பாசனக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் இரண்டாம் போகம் ஏப்ரல், மே வாக்கில் அறுப்புக்கு வருவதால், விற்பவர் வண்டியை நம் வயலுக்கே கொண்டுவந்து அறுத்துக் காட்டச் சொல்லலாம். லாரி வாடகையை நாமே கொடுத்தாலும் பரவாயில்லை. வண்டி நன்றாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் போன பணம் லாரி வாடகை மட்டும்தான்.

புரோக்கர் வழியாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் உரிமையாளரை நேரில் பார்க்காமலும், வண்டியைக் கடைசியாக ஓட்டிய ஓட்டுநரோடு தனியாகப் பேசாமலும் முடிவு செய்யாதீர்கள். "தம்பி, இந்த வண்டி எந்த வேலையில் உங்களைப் படுத்தியது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உரிமையாளர் மறைப்பதை ஓட்டுநர் மறைப்பதில்லை. படுத்திய வண்டியைப் பற்றிப் பேச அவருக்கும் ஆசைதான்.

எந்த நிறுவனத்து வண்டியை வாங்குவது?

உதிரிப்பாகம் உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வருகிறதோ, அந்த நிறுவனத்து வண்டி. பேரிங், வி-பெல்ட், பிளேடு ஆகியவை எங்கும் கிடைக்கும். டிரைவ் கியர், சென்சார், ஹைட்ராலிக் பம்ப் போன்றவற்றைத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ யார் வைத்திருக்கிறார்கள், சேலத்திலிருந்து அன்றே பேருந்தில் போட்டு அனுப்புவார்களா என்று நீங்களே ஃபோன் செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள். அறுப்பில் இரண்டு நாள் வண்டி நின்றால், அந்த வட்டாரத்து வேலை முழுவதும் வேறு வண்டிக்குப் போய்விடும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

என்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், வடிகட்டிகள் ஆகிய அனைத்தையும், விற்பவர் போன வாரம்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தாலும், மாற்றிவிடுங்கள். வெளியே வடியும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். இரும்புத் துகள் இருந்தால் எங்கே தேய்கிறது என்று அறுப்புக்கு முன்பே தேடத் தொடங்கலாம். தொட்டி, எலிவேட்டர், திருகு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் பழைய நெல்லைத் தட்டி எடுத்துவிடுங்கள். விதைக்காக வைக்கும் வயலில் வேற்று ரகமும் களை விதையும் இப்படித்தான் கலக்கின்றன. சைலன்ஸரைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் தூசியும் பஞ்சும் தீப்பிடிக்கக் கூடியவை. அவற்றையும் சுரண்டிவிட்டு, இருக்கைக்குப் பின்னால் ஒரு தீயணைப்பான் மாட்டுங்கள். டிரம்மில் பயிர் அடைத்தால் என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதை உதவியாளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசியாக, ஒரு புது நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் அன்றைய தேதியையும் மீட்டர் காட்டும் மணியையும், இரண்டாம் வரியில் வண்டி முதலில் இறங்கிய வயலின் ஊரையும் மண்ணையும் எழுதி வையுங்கள்.